பொம்மை வீரர்களுக்குப் பூட்ஸ் தைப்பவர்களுக்கு

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் சாப்பாட்டு மேசையிலும் மொட்டைமாடி அறையிலும் உட்கார்ந்து, உள்ளங்கை உயரமும் முழங்கை உயரமும் உள்ள பொம்மை வீரர்களுக்குப் பூட்ஸும் கையுறையும் செய்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



உங்களில் சிலர் செய்தவற்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கண் வலிக்க வலிக்கச் செய்த வேலை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. பெரியவர்கள் சிலர் இதைப் பொழுதுபோகாதவர்களின் வேலை என்று சொல்லக்கூடும். ஸ்ரீரங்கத்துக்காரர் யாரும் அப்படிச் சொல்ல நியாயமில்லை. ஓர் உருவத்துக்கு அளவெடுத்து, உடுத்தி, கைக்கும் காலுக்கும் தனித்தனியாகக் காப்புச் செய்து பூட்டி அழகு பார்ப்பதை நூற்றாண்டுகளாகப் பெரிய காரியமாகச் செய்துவரும் ஊர் இது. அந்த ஊரில் இருந்துகொண்டு நீங்கள் முழுக்க வெளிநாட்டுக் காணொளிகளை மட்டுமே ஆசானாக வைத்திருக்கிறீர்கள். தெருமுனையில் வாழ்நாள் முழுக்கத் தோல் அறுத்தவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தாண்டிப்போய் இணையத்தில் ரெக்சின் துண்டு வாங்குகிறீர்கள். இதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பொம்மையின் கால் பற்றி. 1964-இல் அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ.ஜோ என்ற படைவீரன் பொம்மையைக் கொண்டுவந்தபோது அதன் உயரம் ஏறத்தாழ 12 அங்குலம். சட்டை தனி, தொப்பி தனி, பூட்ஸ் தனி. எல்லாவற்றையும் கழற்றி மாட்டலாம். 1982-இல் அதே வீரன் 3¾ அங்குலமாகச் சுருங்கி மறுபடி வந்தான். அப்போது பூட்ஸ் காலோடு சேர்த்தே அச்சில் வார்க்கப்பட்டுவிட்டது. நம் பக்கத்தில் 1987-இல் எம்.ஆர்.எஃப். குழுமமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கிய ஃபன்ஸ்கூல் தயாரித்து விற்றது இந்தச் சிறிய வகையைத்தான். அதனால் தொண்ணூறுகளில் இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வீரனின் காலில் கழற்ற எதுவும் இருந்ததில்லை. இன்று 12 அங்குல உருவங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறீர்கள். பொம்மை மீதான இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60-க்குப் போனது, 2023-இல் 70 ஆனது. அவ்வளவு கொடுத்து வாங்கியதில் ஒற்றைப் பூட்ஸ் தொலைந்தாலோ தோல் உரிந்தாலோ, செய்துதான் ஆக வேண்டும். உங்கள் கலை தேவையிலிருந்தும் பிறந்தது. அதனால் அதற்குப் பலம் உண்டு.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

வைகுண்ட ஏகாதசி அன்று விடியலில் நம் அரங்கன் கோயில் உற்சவர் நம்பெருமாள் ரத்னாங்கியோடு பரமபதவாசல் கடந்து வருவதைப் பார்க்காத குடும்பம் உங்களில் குறைவாகத்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒருமுறை பக்தியோடு சேர்த்துத் தொழில்கண்ணும் வைத்துப் பாருங்கள். தலையில் பாண்டியன் கொண்டை தனி. உடம்பில் அங்கி தனி. வலக்கையில் அபயஹஸ்தம் தனி. அது கையின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு, கைமேல் உட்காரச் செய்த அணி. எது எதன்மேல் வரும், எதை முதலில் பூட்டுவது, எதைக் கடைசியில் அவிழ்ப்பது என்பதற்கு ஒழுங்கு உண்டு. ஏகாதசிக்கு முன்வரும் பகல்பத்தின் பத்தாம் நாள் அதே நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலத்தில் வேறொருவராகவே நிற்பார். உருவம் அதுவேதான், உடுத்தும் கை அத்தனையையும் மாற்றிவிடுகிறது. திருவிழா முடிந்ததும் ஒவ்வொன்றும் பழுதில்லாமல் கழன்று பெட்டிக்குப் போகிறது. அடுத்த ஆண்டு மறுபடி அதே இடத்தில் பொருந்துகிறது. உங்கள் பூட்ஸுக்கு நான் வைக்கும் முதல் சோதனை இதுதான். பத்து முறை கழற்றி மாட்டிய பிறகு அது எப்படி இருக்கிறது?

உள்ளே பள்ளிகொண்டிருக்கும் மூலவர் பெரிய பெருமாளிடம் இன்னொரு பாடம். அவர் திருமேனி சுதையால் ஆனது. அதனால் அவருக்குத் தண்ணீர் விட்டுத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புத்தான். எதனால் செய்யப்பட்ட உருவம் என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஒத்துக்கொள்வதை மட்டுமே அதன்மேல் படவிடுகிறார்கள். நீங்களோ பொம்மையின் கை மென்மையான பி.வி.சி.யா, கெட்டியான ஏ.பி.எஸ்.ஸா என்றுகூடப் பார்க்காமல் கிடைத்த பசையைத் தடவுகிறீர்கள். சில கரைப்பான்கள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே இளக்கிவிடும். மலிவான வினைல் பூட்ஸில் நெகிழ்வுக்காகச் சேர்க்கும் எண்ணெய்ப்பதமான பொருள் மெல்லக் கசிந்து, காலின் பிளாஸ்டிக்கில் ஏறி, அதைப் பிசுபிசுக்கச் செய்யும். திருச்சி சித்திரை வெயிலில் மூடிய அலமாரிக்குள் இது இன்னும் வேகமாக நடக்கும். பூட்ஸுக்கும் காலுக்கும் நடுவே மெல்லிய பருத்திக் காலுறை ஒன்று இருந்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

நவராத்திரிக்கு மரப்பாச்சிக்கு உடுத்திவிட்ட அம்மாவும் பாட்டியும் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். செம்மரக் கட்டையில் கையும் காலும் உடம்போடு ஒட்டிக் கடைந்த உருவம் அது. சட்டைக்குள் கை நுழையாது. ஆகவே பின்பக்கம் திறந்து வைத்துத் தைப்பார்கள், முன்பக்கம் முழுதாகத் தெரியும். அசையாத உருவத்துக்கு உடுத்தும் வித்தை முழுக்க அதில் இருக்கிறது. கொள்ளிடத்தைத் தாண்டி சமயபுரம் போனால், கோயில் வாசல் கடைகளில் மெல்லிய தகட்டில் அழுத்திச் செய்த கை, கால், கண்மலர் உருக்கள் நேர்த்திக்கடனுக்காக விற்கின்றன. ஒரு காலை எத்தனை குறைந்த கோடுகளில் காலென்று காட்டிவிட முடியும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. விரல்களுக்கு நான்கு கோடு, கணுக்காலுக்கு ஒரு மேடு, அவ்வளவுதான். கையுறை செய்யும்போது இது உங்களுக்குத் தேவைப்படும்.

இதெல்லாம் பொன்னும் பட்டும் தகடும் மரமும். நீங்கள் கையில் எடுத்திருப்பது தோல். இந்த மடலில் நான் சொல்ல வந்தது அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலுக்குள் தூணில் மாட்டி வைத்திருக்கும் பெரிய தோல் பாதரட்சைகளைப் பார்த்திருப்பீர்கள். அரங்கனுக்கென்று தோல் தொழிலாளர் செய்து கொடுப்பவை அவை. வலது காலுக்கானதை ஒருவரும் இடது காலுக்கானதை இன்னொருவரும் தனித்தனியே செய்வார்கள், கொண்டுவந்து சேர்த்துவைத்தால் இரண்டும் ஒரே அளவில் இருக்கும் என்று ஊரில் சொல்வது வழக்கம். பெருமாள் போட்டு நடப்பதால்தான் அவை தேய்கின்றன என்றும் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் மனம். தொழில் தெரிந்தவருக்கு அதில் வேறொன்றும் தெரியும்: ஒரு ஜோடியின் இரண்டு பாதியை இரண்டு பேர் செய்து ஒன்றாக்குவதற்கு, இருவரிடமும் ஒரே அளவும் ஒரே கைப்பழக்கமும் இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த பயிற்சி இல்லாமல் அது நடக்காது.

இதே அரங்கனின் பாதுகைகளைப் பற்றி, இதே ஊரில் இருந்துகொண்டு வேதாந்த தேசிகர் பாதுகா சஹஸ்ரம் இயற்றினார். 1008 சுலோகங்கள். பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அவரை இன்றும் நாம் பெயர் சொல்லிக் கும்பிடுகிறோம், அது சரியே. ஆனால் தோலை ஊறவைத்து, அறுத்து, துளையிட்டுத் தைத்து அனுப்பியவர்களில் ஒருவர் பெயரைக்கூட நாம் சொல்லிக் கேட்டதில்லை. பெயர் மட்டும் விடுபடவில்லை. அவர்கள் செய்த காலணி உள்ளே போனது, அவர்கள் வெளியே நின்றார்கள். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்கான சட்டப் பாதுகாப்பு 1939-இல்தான் வந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்த அதே ஆண்டு. அதற்கு முன் எத்தனை தலைமுறைகள் அந்தப் பாதரட்சையைச் செய்து கொடுத்துவிட்டு, அது மாட்டப்பட்ட தூணைக் கண்ணால் பார்க்காமலேயே போயிருக்கும்? இதை எழுதும்போது எனக்கு வருத்தமும் கோபமும் வருகிறது.

தோலைத் தொட்டவர் கை தீட்டு என்று சொன்ன தெருக்கள் இவை. அந்தத் தெருக்களில் பிறந்த பிள்ளைகள் இன்று கூச்சமில்லாமல் ஆட்டுத்தோலை மடியில் போட்டுக்கொண்டு, ஓரம் சீவி, பூட்ஸ் தைக்கிறீர்கள். எனக்கு இது மிகப் பெரிய சந்தோஷம். நல்ல காரியம் என்று தெரியாமலேயே ஒரு நல்ல காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஆனால் பாதி வழியில் நிற்கிறீர்கள். தொழிலை எடுத்துக்கொண்டீர்கள், தொழில்காரரை இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை.

தெருமுனைச் செருப்புத் தொழிலாளியிடம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். முதலில் தோலைப் படிக்கத் தெரியும். ஒரு முழுத் தோலில் முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்ச்சி. வயிற்றுத் தோலில் பூட்ஸின் முன்பகுதியை வெட்டினால் சீக்கிரமே தொங்கிவிடும். எந்தத் திசையில் இழுத்தால் நீளும், எந்தத் திசையில் நீளாது என்று விரலால் இழுத்துப் பார்த்தே சொல்வார். இரண்டாவது, சீவத் தெரியும். உங்கள் வேலையில் முக்கால் பங்கு அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர் ஒருவரின் பாதம் 25 சென்டிமீட்டர் என்றால், ஆறில் ஒரு பங்கு அளவுள்ள 12 அங்குலப் பொம்மைக்கு அது 4 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். பன்னிரண்டில் ஒரு பங்கான 6 அங்குலப் பொம்மைக்கு 2 சென்டிமீட்டர். நாம் போடும் பூட்ஸின் மேல்தோல் சாதாரணமாக 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதை ஆறால் வகுத்தால் கால் மில்லிமீட்டருக்கு மேல் வராது. அப்படி ஒரு தோல் கடையில் கிடைக்காது, கிடைத்தாலும் கிழியும். ஆகவே 0.3 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் நிறுத்திக்கொண்டு, மடிப்பு வரும் ஓரங்களை மட்டும் இன்னும் மெலிதாகச் சீவ வேண்டும். உளியைப் படுக்கவைத்து, கண்ணாடித் துண்டின் மேலோ வழவழப்பான கல்லின் மேலோ தோலைக் கவிழ்த்துப் போட்டு, உள்பக்கத்தை இழைத்து எடுப்பதை அவர் செய்யும்போது பாருங்கள். அந்தக் கை எந்தக் கோணத்தில் சாய்கிறது என்பதை எந்தக் காணொளியும் உங்களுக்குத் தராது. பக்கத்தில் உட்கார்ந்துதான் பிடிக்க வேண்டும்.

எந்தத் தோல் என்பதும் முக்கியம். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையானது, நனைத்து அச்சில் இழுத்துவைத்தாலும் காய்ந்ததும் பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது அப்படியல்ல. ஈரத்தில் இளகி, காயும்போது கொடுத்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். பொம்மையின் கால்விரல் பகுதிக்கு வேண்டிய குணம் இதுதான். இந்த வகைக்குத் தமிழ்நாடு உலகறிந்த இடம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தென்னாட்டு ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குக் கப்பலேறின. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. திண்டுக்கல், ஈரோடு போலவே நம் திருச்சியின் செம்பட்டும் தோல் ஷெட்டுகளுக்குப் பெயர்போனது. அந்த ஷெட்டுகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதையும் அதோடு சேர்ந்தது. அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. உங்களுக்குத் தேவைப்படுவது உள்ளங்கை அகலத் துண்டுகள். பை, பெல்ட் தைக்கும் இடங்களில் வெட்டி ஒதுக்கிய மிச்சமே பல ஜோடிகளுக்குப் போதும். புதுத் தோல் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி.

சரி, பூட்ஸுக்கு வருவோம். பொம்மையின் காலை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, அதன்மேல் காகித டேப்பை ஒட்டி, தையல் எங்கே வர வேண்டுமோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டின் வழியே பிளேடால் அறுத்துப் பிரித்துத் தட்டையாக்கினால் உங்கள் அளவுத்தாள் தயார். பெரிய ஷூ வடிவமைப்பவர்களும் கால் வடிவக் கட்டையின் மேல் டேப் ஒட்டி இப்படித்தான் எடுக்கிறார்கள். இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நாம் பூட்ஸ் போடும்போது பாதத்தை நீட்டி, வளைத்து நுழைக்கிறோம். பொம்மையின் பாதம் அப்படி நீளாது. செங்கோணத்தில் விறைத்து நிற்கும். கணுக்காலைக் கச்சிதமாகப் பிடிக்கும் பூட்ஸுக்குள் அது ஒருநாளும் நுழையாது. மரப்பாச்சிச் சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்: பின்பக்கத்தைக் குதிகால்வரை திறந்துவிடுங்கள். திறப்பை மூட உள்ளே மெல்லிய மடிப்பும், இரண்டு சிறிய கொக்கியும் போதும். சில உருவங்களில் பாதம் கணுக்காலில் கழன்று வரும். அப்படியானால் பாதத்தைப் பூட்ஸுக்குள் முதலில் வைத்துவிட்டுப் பிறகு காலில் சொருகலாம்.

தையல் பற்றி ஒரு வார்த்தை. பெரிய பூட்ஸில் அங்குலத்துக்கு 8 முதல் 12 தையல் வரும். அதை ஆறில் ஒரு பங்காக்கினால் அங்குலத்துக்கு 48 முதல் 72 வரை போட வேண்டும். கையால் முடியாது, முடிந்தாலும் அத்தனை துளையில் தோல் அஞ்சல்தலை ஓரம் போலக் கிழிந்து வந்துவிடும். ஆகவே பிடிப்புக்குப் பசை, பார்வைக்குத் தையல் தடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஈரத்தோலில் பல்சக்கரத்தை உருட்டினால் தடம் விழும். பசைக்கு நம் செருப்புக் கடைகளில் சொல்யூஷன் என்கிற ரப்பர் பசையே நல்லது. இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதத்துக்கு உலரவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். உடனடிப் பசைகள் தோலை மரக்கட்டையாக்கி, மடங்கும் இடத்தில் ஒடித்துவிடும். சொல்யூஷன் எடுக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதன் ஆவி மூளைக்கும் நுரையீரலுக்கும் நல்லதல்ல, தம்பி தங்கை யாராவது சிறு குழந்தையாக இருந்தால் அந்த அறைக்குள்ளேயே விடாதீர்கள். அடித்தோல் கனமாக இருந்தால் பொம்மை நன்றாக நிற்கும் என்று நினைத்து எல்லோரும் தடிமனாக ஒட்டுகிறார்கள். நிற்பதற்கு வேண்டியது அகலமும் சமதளமும். ஒட்டியபின் உப்புத்தாளில் வைத்து எட்டு போடுவதுபோல் தேய்த்துச் சமமாக்குங்கள். கணுக்கால் மூட்டு வரும் இடத்தில் உள்ளே இன்னும் சீவினால்தான் வீரன் ஒரு காலை மடக்கி உட்கார முடியும்.

கையுறை இதைவிடக் கடினம், நேரமும் அதிகம் கேட்கும். மனிதருக்கான நல்ல கையுறையில் ஒவ்வொரு விரலுக்கும் இடையே ஒடுக்கமான இணைப்புப் பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். விரல் உருண்டையாக நிற்பது அதனால்தான். கட்டைவிரலுக்குத் தனித் துண்டு. பொம்மையின் விரல் 3 மில்லிமீட்டர் அகலம் இருக்கும்போது பட்டைக்கு இடமில்லை. தைத்ததை உள்வெளியாகத் திருப்பவும் முடியாது. அதனால் இரண்டு வழிகள்தான் உருப்படியாக இருக்கின்றன.

ஒன்று, நனைத்தெடுப்பது. ஆஸ்பத்திரிக் கையுறைகள் கை வடிவ அச்சை ரப்பர் பாலில் முக்கி எடுத்துச் செய்யப்படுகின்றன. அதே முறையில் பொம்மையின் கையை அம்மோனியா கலந்த ரப்பர் பாலில் முக்கி, தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தி, மீண்டும் முக்கி, மூன்று நான்கு பூச்சு ஏற்றலாம். உரிக்கும் முன் மேலே முகப்பவுடர் தூவாவிட்டால் தன்மேலேயே ஒட்டிக்கொண்டு பாழாகும். விரல் இடுக்கில் பால் தேங்கிச் சவ்வுபோல் நிற்பதை ஈரமாக இருக்கும்போதே ஊசிமுனையால் எடுத்துவிட வேண்டும். ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, செம்பு ஆகாது, வெயில் ஆகாது. சில ஆண்டுகளில் மஞ்சளித்து இறுகும். அதைத் தெரிந்தே செய்யுங்கள். ஜோடி தேய்ந்தால் புதுசு முக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, மாற்றுக்கை. 12 அங்குல உருவங்கள் பலவற்றில் மணிக்கட்டில் முளை இருக்கும். கையைக் கழற்றி வேறு கை சொருகலாம். உபரியாக உள்ள ஒரு ஜோடிக் கைகளின் மேல் 0.3 மில்லிமீட்டர் ஆட்டுத்தோலை நிரந்தரமாகப் போர்த்திவிடுங்கள். உள்ளங்கைக்கு ஒரு துண்டு, புறங்கைக்கு ஒரு துண்டு, இணைப்பு விரல்களின் பக்கவாட்டில். மணிக்கட்டுக்கு மேல் விரியும் பட்டையைத் தனியே செய்து முளை மறையும்படி இறக்குங்கள். வெறுங்கை வேண்டும்போது வெறுங்கை, உறைபோட்ட கை வேண்டும்போது அது. எனக்கு இதுதான் பிடித்த வழி. சமயபுரத்து உருக்களில் பார்த்த சிக்கனம் இங்கே கைகொடுக்கும்: புறங்கையில் மூன்று மடிப்புக் கோடு, கணுக்களில் லேசான மேடு. அதற்கு மேல் நுணுக்கம் ஏற்றினால் கை பூதாகரமாகத் தெரியும்.

ரெக்சின் பற்றி நான் சுருக்கமாகவே சொல்கிறேன். பாலியூரிதேன் பூசிய செயற்கைத் தோல் காற்றின் ஈரத்தில் தானே சிதையும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள நம் தீவில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பல ஆயிரம் கொடுத்து வாங்கிய உருவங்களின் பூட்ஸ் சில வருடங்களில் செதில் செதிலாக உதிர்வதற்குக் காரணம் இதுதான். உண்மைத் தோலுக்கு ஐப்பசி மழையில் பூஞ்சை வரும். துடைத்து, நிழலில் காற்றாட வைத்தால் போய்விடும். இரண்டில் எதைத் தேர்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 3டி பிரின்டரில் பூட்ஸ் அச்சடிப்பவர்களையும் நான் குறை சொல்லவில்லை. அச்சடித்ததை அப்படியே மாட்டாமல், அதைக் கட்டையாக வைத்து அதன்மேல் தோலை இழுத்தால் இரண்டின் பலனும் கிடைக்கும்.

தோலைப் பற்றி இத்தனையும் தெரிந்தவர்கள் நம் நடைபாதைகளில் குறைந்துகொண்டே வருகிறார்கள். அறுந்தால் தூக்கிப்போடும் வார்ப்புச் செருப்பு வந்தபிறகு தைப்பதற்கு வேலை குறைந்தது. இங்கே செருப்புத் தைக்கும் தொழிலில் பெரும்பாலோர் அருந்ததியர். அவர்கள் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். 2009-இல் தமிழ்நாடு அவர்களுக்காகக் கொண்டுவந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு அதற்கு ஒரு வாசல். போக வேண்டும், அதுதான் நியாயம். யாரும் தன் பிறப்பின் காரணமாகத் தோல் அறுக்கக் கட்டுப்பட்டவர் இல்லை. அதே காரணத்தால்தான் விரும்பி இந்தத் தொழிலைக் கற்க வரும் நீங்கள் முக்கியமானவர்கள். இந்த அறிவு சாதியோடு பூட்டப்படாமல், விரும்பிய கைக்கெல்லாம் போகட்டும். அப்படிப் போகும்போது கொடுத்தவருக்கு உரியது வந்து சேர வேண்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். உங்கள் தெருவில் செருப்புத் தைப்பவரிடம் பொம்மையையும் தோல் துண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். "ஐயா, எனக்குச் சீவக் கற்றுக்கொடுங்கள்" என்று கேளுங்கள். அவரை 'நீ, வா, போ' என்று பேசாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசினால் திருத்துங்கள். அவர் வேலை நேரத்தைத் தின்னாதபடி, காலையில் கூட்டம் வருமுன்னோ மதியமோ போங்கள். ஒரு மணி நேரம் கற்றுக்கொடுத்தால், பாட்டு டீச்சருக்கும் டியூஷன் மாஸ்டருக்கும் நீங்கள் தரும் கட்டணத்தையே அவருக்கும் கொடுங்கள். அங்கே பேரம் வேண்டாம். நீங்கள் செய்த ஜோடியை விற்கிறீர்கள் என்றால், அதில் அவர் கை பட்டிருந்தால் அவர் பங்கைக் கணக்கிட்டுத் தாருங்கள்.

இந்தப் புரட்டாசியில் உங்கள் வீட்டுக் கொலுவில் ஒரு படியை அந்த வீரர்களுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். மரப்பாச்சிக்குப் பக்கத்தில், நீங்கள் செய்த பூட்ஸும் கையுறையும் போட்டு நிற்கட்டும். கற்றுக்கொடுத்தவர் சம்மதித்தால் அவர் பெயரை ஓர் அட்டையில் தெளிவாக எழுதிப் படியில் வையுங்கள். அவரையும் அவர் குடும்பத்தையும் கொலுவுக்கு அழையுங்கள். வந்தால் எல்லோரோடும் சேர்த்து உட்காரவைத்துச் சுண்டல் கொடுங்கள், தாம்பூலம் கொடுங்கள்.

அன்புடன்,
ஸ்ரீரங்கத்திலிருந்து உங்கள் அக்கா